நடையிழந்த நாய்

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் ஒரு நாள், பொழுது நன்றாகப் புலர்வதற்கு முன்பே நம் படலையை யாரோ தட்டும் ஓசை கேட்டது. சென்று பார்த்தோம். அயலவர் நின்றார். அவர் இளைப்பாறிய அரசாங்க உத்தியோகத்தர்; எளிதிற் பதறாதவர். அன்று அவர் குரல் தளும்பியது.

"மாஸ்ரர், எங்கடை ஜிம்மிக்குப் பின்னங்கால் இரண்டும் விளங்குதில்லை. ஒருக்கா வந்து பாருங்கோ" என்றார்.

நாம் மிருக வைத்தியர் அல்லோம். ஆயினும், ஆசிரியத் தொழில் செய்பவன் எல்லாம் அறிந்தவன் என்னும் நம்பிக்கை நம் ஊரில் இன்னும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. ஆகவே சால்வையைப் போர்த்துக்கொண்டு அவர் பின்னே சென்றோம்.

விறாந்தையில் ஒரு சாக்கின் மேல் ஜிம்மி கிடந்தது. நீண்ட உடலும் குறுங்கால்களும் உடைய டாக்ஸண்ட் இனத்து நாய் அது, வயது ஐந்து. நம்மைக் கண்டதும் வழக்கம் போல ஓடிவர முயன்றது. முன்னங்கால்கள் எழுந்தன, பின்னுடல் எழவில்லை. ஈரத்துணியை இழுப்பதுபோல் தன் பாதியுடலைத் தானே இழுத்துக்கொண்டு இரண்டடி வந்தது. வால் அசையவில்லை. உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் அவர் மகள் தூணருகே நின்று அழுதுகொண்டிருந்தாள்.

விசாரித்ததில் முன்கதை தெரிந்தது. பத்து நாட்களுக்கு முன் விறாந்தை வாங்கிலிருந்து குதித்தபோது அது வீரிட்டுக் கத்தியிருக்கிறது. பின்னர் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு ஒரு மூலையில் நின்றது, தூக்க முயன்றால் முனகியது, உணவை மறுத்தது. எங்கேயோ குளிசை வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டே நாளில் வலி நீங்கிற்று. நாய் சுகமாகிவிட்டது என்று மகிழ்ந்து அவிழ்த்துவிட்டார்கள். அதுவும் தன் கடமையை மறவாது வேலியோரத்து அணிலைத் துரத்தத் தொடங்கியது. அதன் பயன்தான் அன்று காலை நாம் கண்ட காட்சி.

விடிந்ததும் ஆலோசனைகள் வந்து குவிந்தன. "இனி எழும்பாது, பாவம், ஊசி போட்டு அனுப்பிவிடுங்கோ" என்றார் ஒருவர். முறிவு நெரிவுக்குரிய எண்ணெயைப் பூசி முதுகை இழுத்து நிமிர்த்தினால் சரியாகும் என்றார் மற்றொருவர். வீட்டிலுள்ள நோமருந்தில் பாதியைக் கொடுக்கும்படி மூன்றாமவர் சொன்னார். மூன்றும் அன்பினாற் சொல்லப்பட்டவை என்பதில் ஐயமில்லை. மூன்றும் அவ்வேளையிற் பிழையானவை. ஏன் பிழை என்பதை அறிய, அந்நாயின் முதுகினுள் நிகழ்ந்தது யாதென்று முதலில் அறிதல் வேண்டும்.

நாய்க்குக் கழுத்தில் ஏழு, மார்பில் பதின்மூன்று, இடுப்பில் ஏழு என முள்ளென்புகள் உள்ளன. மனிதருக்குக் கழுத்தில் அதே ஏழு, மார்பிற் பன்னிரண்டு, இடுப்பில் ஐந்து. என்புக்கும் என்புக்கும் இடையில் அதிர்ச்சி தாங்கும் மெத்தை போல ஒரு வட்டத்தட்டு இருக்கிறது. அத்தட்டின் வெளிப்புறம் உறுதியான நார் வளையம்; உட்புறம் இளநுங்கு போன்ற மென்மையான சளியப் பொருள். தட்டுக்கு நேர் மேலே, என்புகளாலான கால்வாயினுள், முண்ணாண் செல்கின்றது. மூளையிலிருந்து காலுக்குச் செல்லும் கட்டளையும், காலிலிருந்து மூளைக்குச் செல்லும் செய்தியும் இந்த ஒரு வழியாலேயே போய்வருகின்றன.

டாக்ஸண்ட் போன்ற குறுங்கால் இனங்களில் அந்த நுங்கு இளமையிலேயே முற்றிவிடுகின்றது. நுங்கு முற்றிச் சீக்காயாவதை அறியாதார் நம்மிடையே இல்லை. அவ்வாறே, நாய்க்கு ஒரு வயது நிறையுமுன்னரே தட்டின் உட்பொருள் நீர்ப்பற்று இழந்து, கசியிழையம் போலாகி, பின்னர் சுண்ணாம்பு படிந்து இறுகத் தொடங்குகின்றது. இறுகிய பொருள் அதிர்ச்சியைப் பரப்பித் தாங்காது. நார் வளையத்தின் மேற்பக்கமோ கீழ்ப்பக்கத்தினும் மெல்லியது. ஆகவே ஒரு நாள், ஒரு சிறு குதிப்பில், வளையம் கிழிந்து உட்பொருள் மேல்நோக்கிப் பீறிட்டு முண்ணாணைத் தாக்குகின்றது. வாங்கு ஓர் அடி உயரந்தானே என்று அயலவர் வியந்தார். அந்த ஓரடியன்று காரணம். ஆண்டுக்கணக்கில் உள்ளே முற்றியதே காரணம்.

இந்நோயை இருவகையாக முதலிற் பிரித்துக் காட்டியவர் ஹான்சன் என்னும் சுவீடன் நாட்டு மிருகவைத்திய ஆராய்ச்சியாளர். 1952ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலின்படி, குறுங்கால் இனங்களில் இளவயதிலேயே தட்டு வெடித்து உட்பொருள் சடுதியாக வெளிப்படுவது முதலாவது வகை. பேரினங்களில் முதுமையில் நார் வளையம் தடித்து மெல்ல மெல்லப் பிதுங்குவது இரண்டாவது வகை. இன்றும் மிருக வைத்தியர்கள் அவர் பெயராலேயே இவ்விரு வகைகளையும் சுட்டுகின்றனர். பெரும்பாலும் மார்பும் இடுப்பும் சந்திக்கும் இடத்திலேயே தட்டு வெடிக்கிறது. அதற்கு முன்னுள்ள மார்புப் பகுதியில் இருபுறத்து விலாவென்புகளின் தலைகளையும் இணைக்கும் ஒரு பந்தகம் தட்டின் மேலாகக் குறுக்கே சென்று காவல் செய்கிறது. காவல் முடியும் இடத்தில் ஆபத்துத் தொடங்குகின்றது.

இது ஜிம்மியின் பிழையுமன்று, வளர்த்தவரின் பிழையும் முழுமையாக அன்று. ஜெர்மன் மொழியில் 'டாக்ஸ்' என்பது நிலத்தில் வளை தோண்டி வாழும் பட்ஜர் என்னும் விலங்கு. 'ஹுண்ட்' என்பது நாய். அவ்விலங்கை வளைக்குள்ளேயே புகுந்து பிடிப்பதற்காகக் குறுங்கால் நாய்களையே தெரிந்து தெரிந்து மனிதர் இனம் பெருக்கினர். கால் குறுகுவதற்குக் காரணமான பரம்பரையலகு ஒன்றின் மேலதிகப் பிரதியை 2009ஆம் ஆண்டில் நாயின் பதினெட்டாம் நிறமூர்த்தத்திற் கண்டறிந்தனர். 2017இல் பன்னிரண்டாம் நிறமூர்த்தத்தில் அத்தகைய இன்னொரு பிரதி கண்டுபிடிக்கப்பட்டது. இந்த இரண்டாவது பிரதி காலைக் குறுக்குவதோடு வட்டத்தட்டையும் இளமையிலேயே முற்றச் செய்கின்றது. பீகிள், பெக்கினீஸ், கொக்கர் ஸ்பானியல், பிரெஞ்சு புல்டோக் முதலிய இனங்களும் இதனைச் சுமக்கின்றன. டாக்ஸண்ட் நாய்களில் ஏறத்தாழ நான்கில் அல்லது ஐந்தில் ஒன்று தன் வாழ்நாளில் இந்நோய்க்கு ஆளாகிறது. அழகென்று நாம் விலைகொடுத்து வாங்கும் அந்தக் குறுங்காலும் இந்த முதுகும் ஒரே பரம்பரைச் சொத்து. டென்மார்க், பின்லாந்து முதலிய நாடுகளில் இனப்பெருக்கத்திற்கு விடுமுன் நாயின் முதுகை எக்ஸ்றே எடுத்து, சுண்ணாம்பு படிந்த தட்டுகளை எண்ணிப் பார்க்கின்றனர். இங்கே குட்டி வாங்குவோர் தாயின் நிறத்தையும் தந்தையின் விலையையும் விசாரிக்கிறார்கள். அவற்றின் முதுகை எவரும் விசாரிப்பதில்லை.

இனி, ஜிம்மியிடம் திரும்புவோம்.

அன்று முற்பகலே ஒரு பலகையிற் கிடத்தி, அசையாது பிடித்துக்கொண்டு, மிருக வைத்தியரிடம் கொண்டு சென்றோம். அவர் முதலில் நாயின் பாதத்தை மடித்து, புறங்கால் மேசையிற் படும்படி வைத்தார். நலமுள்ள நாய் உடனே பாதத்தை நிமிர்த்திக்கொள்ளும். ஜிம்மி அப்படியே விட்டுவிட்டது. தன் கால் எங்கே எவ்வாறு இருக்கிறது என்பதே அதற்குத் தெரியவில்லை. பிறகு ஒரு கவ்வியால் பின்னங்கால் விரலின் என்பு அழுந்தும்படி கிள்ளினார். கால் வெடுக்கென்று மேலே மடங்கியது.

"கால் இழுத்தது! உணர்ச்சி இருக்கு டொக்டர்!" என்று அந்தப் பெண் கூவினாள்.

"காலைப் பார்க்காதையும் பிள்ளை, முகத்தைப் பாரும்" என்றார் வைத்தியர்.

மீண்டும் கிள்ளினார். இம்முறை அனைவரும் முகத்தைப் பார்த்தோம். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு ஜிம்மி தலையைத் திருப்பி, கவ்வி பிடித்த கையைப் பார்த்து முனகியது. வைத்தியர் நிமிர்ந்தார்.

மாணவர்கள் இவ்விடத்தைச் சற்று நின்று கவனிப்பார்களாக. கால் மடங்குவது வெறும் தெறிவினை. மூளையின் உதவியின்றி முண்ணாணின் கீழ்ப்பகுதியே அதனைச் செய்துவிடும். முண்ணாண் முற்றாக அறுந்தாலும் அது நிகழும். தலை திரும்பினால் மாத்திரமே செய்தி மூளைவரை சென்றது என்று பொருள். முண்ணாண் நசுங்கும்போது அதிலுள்ள தடித்த நரம்பு நார்கள் முதலிற் கெடுகின்றன. மெல்லியவை இறுதியிற் கெடுகின்றன. ஆகவே பாதம் இருக்குமிடத்தை அறியும் உணர்வு முதலிற் போகும், பிறகு நடை, பிறகு சிறுநீரை அடக்கும் ஆற்றல், எல்லாவற்றுக்கும் கடைசியில் அந்த ஆழ்ந்த வலியுணர்வு. மீளும்போது பெரும்பாலும் இதே வரிசை தலைகீழாக வரும். ஆழ்ந்த வலியுணர்வு எஞ்சியிருக்கிறதா என்னும் ஒரே கேள்விக்குரிய விடையே நாயின் எதிர்காலத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடுகின்றது.

அவ்வுணர்வு உள்ள நாய்களுக்குச் சத்திரசிகிச்சை செய்து, முள்ளென்பின் ஒரு பக்கத்தைத் திறந்து, வெளிப்பட்ட பொருளை அகற்றினால் பத்தில் ஒன்பதுக்கு மேல் மீண்டும் நடக்கின்றன. உணர்வு இழந்தவற்றிற் சத்திரசிகிச்சையாலும் பாதியளவோ அதற்குச் சற்று மேலோதான் நடக்கும். சத்திரசிகிச்சை இல்லாவிடின் ஐந்தில் ஒன்றே தேறும். அந்நிலையில் எண்ணெயும் கூண்டும் என்று நாளைக் கழித்தல் தகாது. எவ்வளவு விரைவில் சத்திரசிகிச்சைக்குக் கொண்டு செல்ல இயலுமோ அவ்வளவு நன்று. உணர்வு இழந்த நாய்களிற் பத்தில் ஒன்றளவுக்கு முண்ணாண் தானே சிதைந்து, அச்சிதைவு சில நாட்களில் மேல்நோக்கி ஏறி மூச்சையும் நிறுத்திவிடும். அதற்கு மருந்து இல்லை. அங்கே ஊசி போட்டு அனுப்புவதே கருணை. ஆகவே முதலாமவர் சொன்ன ஆலோசனை எக்காலத்தும் பிழையன்று. ஜிம்மியின் முகத்தைப் பார்க்குமுன் சொன்னதே பிழை.

சத்திரசிகிச்சைக்கு முன் தட்டு எங்கே வெடித்தது என்பதைத் துல்லியமாகக் காட்டும் படங்கள் வேண்டும். பயிற்சி பெற்ற கை வேண்டும். பணமும் வேண்டும். அயலவர் மூன்றாவதை எண்ணிப் பார்த்துத் தலைகுனிந்தார். அவருக்கு ஓய்வூதியம் ஒன்றே வருமானம். மகளின் படிப்புச் செலவு முன்னே நிற்கிறது. வைத்தியர் அவரைக் குறைவாக எண்ணவில்லை. ஆழ்ந்த உணர்வு உள்ள, ஆனால் காலசைவு முற்றாக இழந்த நாய்களிற் பத்தில் ஆறளவு சத்திரசிகிச்சையின்றியும் நடக்கக் கூடும் என்றும், ஆனால் அதற்குரிய விலை பணமன்று, பொறுமை என்றும் சொன்னார். கால் உணர்வு இன்னும் குறைந்தால் அந்தக் கணமே வரவேண்டும் என்று எச்சரித்தார்.

அவர் எழுதிய முதல் மருந்து கூண்டு. "நாலு கிழமை. ஒரு நாளும் குறையக் கூடாது" என்றார்.

2022ஆம் ஆண்டில் நரம்பியல் மிருகவைத்திய நிபுணர்கள் கூடி வெளியிட்ட வழிகாட்டுரையும் குறைந்தது நான்கு வாரக் கட்டுப்பாட்டையே விதிக்கிறது. நாய் எழுந்து நிற்கவும், திரும்பவும், நீட்டிப் படுக்கவும் இடம் போதும். ஓடவும் குதிக்கவும் இடம் ஆகாது. கிழிந்த நார் வளையம் வடுக்கட்டி மூடும்வரை எஞ்சிய நுங்கு வெளியேறாமற் காப்பதே இதன் நோக்கம். முன்பு குளிசை கொடுத்தபோது நேர்ந்த தவறு இப்போது நமக்கு விளங்கியது. வலி என்பது இயற்கை வைத்த காவற்காரன். அது நாயை அசையாது இருத்தியது. குளிசை அக்காவற்காரனை அகற்றிற்று; ஆனால் அவனுடைய இடத்தில் வேறு காவல் வைக்கப்படவில்லை. நோமருந்து கொடுக்கும் நாளிற்றான் கூண்டு மிகத் தேவை.

மருந்தைப் பற்றி இன்னுமொரு சொல். மனிதருக்குரிய இபுபுரோபன், டைக்குளோபெனக் ஆகியவை நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் நஞ்சு. பரசிட்டமோல் அளவு தவறினால் ஈரலை அழிக்கும். அன்றியும், ஸ்டீரோயிட் மருந்தையும் நோமருந்தையும் ஒருங்கே கொடுத்தால் குடலிற் புண்ணும் இரத்தப்போக்கும் உண்டாகும். முற்காலத்தில் இந்நோய்க்கு ஸ்டீரோயிட் தாராளமாக வழங்கப்பட்டது. அதனாற் பயன் உண்டு என்பது நிறுவப்படவில்லை; மேற்சொன்ன வழிகாட்டுரையும் அதனை வழக்கமாகக் கொடுக்க வேண்டாமென்கிறது.

பழைய கோழிக்கூட்டின் கம்பிவலையைக் கொண்டு அயலவர் ஓர் அடைப்புச் செய்தார். நான்கு அடி நீளம், மூன்று அடி அகலம். அடியில் தடித்த மெத்தை. மேலே எளிதில் துவைக்கத்தக்க சீலை. முதல் மூன்று இரவும் ஜிம்மி ஓலமிட்ட ஓலத்தில், நாம் திருத்திய பரீட்சைத் தாள்களிற் சில மாணவர்கள் இயல்பிலும் குறைவான புள்ளி பெற்றிருந்தால் அவர்கள் நம்மை மன்னிப்பார்களாக. அயலவரின் மனைவியார், "வாயில்லாச் சீவனைச் சிறை வைக்கிற பாவம் எங்களுக்கு வேண்டாம்" என்று இருமுறை கதவைத் திறக்கப் போனார். மகள் திறப்பைத் தன் புத்தகப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டாள்.

நோயில் நாம் அறிந்தவற்றுள் மிகக் கடினமானதும், எவரும் முன்கூட்டிச் சொல்லாததும் சிறுநீர் விஷயமே. நடை போன நாய்க்குச் சிறுநீர்ப்பையும் பெரும்பாலும் வசமிழந்திருக்கும். சீலை நனைந்திருப்பதைக் கண்டு அது தானே கழிக்கிறது என்று எண்ணுவோம். உண்மையில் நிரம்பி வழிவதையே காண்கிறோம். தேங்கிய சிறுநீரிற் கிருமி பெருகும். பை அளவுக்கு மிஞ்சி விரிந்தால் அதன் தசை நிலையாகக் கெட்டுப்போகும். ஆகவே நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை கையால் அமுக்கிக் கழிப்பித்தல் வேண்டும். பின்னங்கால்களுக்கு முன்னே வயிற்றின் இருபக்கமும் உள்ளங்கைகளை வைத்து, நீர் நிரம்பிய பலூன் போன்ற அப்பையை உணர்ந்து, அவசரமின்றி, ஒரே சீராகப் பின்னோக்கி அமுக்க வேண்டும். வலிந்து அமுக்கினாற் பை கிழியவும் கூடும். வைத்தியர் தம் கைமேல் கைவைத்துக் காட்டிய பிறகே அப்பெண் அதனைச் செய்தாள். முதல் நாள் அரைமணி நேரம் முயன்றும் ஒரு துளியும் வரவில்லை. அவள் அழுதாள், நாயும் முனகிற்று. நான்காம் நாள் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. அதிகாலை ஐந்து மணி, பள்ளி விட்டு வந்ததும், மாலை விளக்கேற்றிய பின், படுக்குமுன் என நான்கு வேளை. ஒன்பது நாள் அவள் ஒரு வேளையும் தவறவில்லை.

அதோடு, சில மணிக்கொரு முறை பக்கம் மாற்றிக் கிடத்தல், நனைந்த தோலை இளஞ்சூட்டு நீராற் கழுவி ஈரம் ஒற்றுதல், இடுப்பிலும் முழங்காலிலும் படுக்கைப்புண் தோன்றுகிறதா எனப் பார்த்தல் ஆகியனவும் உண்டு. தூக்கும்போது ஒரு கை மார்பின் கீழும் மறு கை பின்புறத்தின் கீழும் இருக்க, முதுகு மட்டமாக நிற்கவேண்டும். கக்கத்திற் பிடித்துக் குழந்தையைப் போலத் தூக்குதல் ஆகாது.

ஒரு நாள் மகள் நம்மிடம் வந்து, ஊசி குற்றும் சீன வைத்தியமான அக்குபங்சர், குளிர் லேசர் ஒளி, நீருள் நடக்கவிடும் பயிற்சி ஆகியவற்றைப் பற்றி வாசித்ததாகவும், இவை மெய்யோ எனவும் கேட்டாள். மேல்நாடுகளில் மருந்தோடும் சத்திரசிகிச்சையோடும் இவற்றைச் சேர்த்து ஒருங்கிணைந்த வைத்தியம் என்று வழங்குகின்றனர். அவளோடு சேர்ந்து நாமும் வாசித்தோம்.

பிரேசில் நாட்டில் நிகழ்ந்த ஓர் ஆய்வு 2010இல் வெளிவந்தது. நாற்பது நாய்கள், நெடுநாள் கடுமையாக நடைகெட்டவை. ஊசிகளில் மெல்லிய மின்னோட்டம் செலுத்தப்பெற்ற பத்தொன்பதிற் பதினைந்து தேறின. சத்திரசிகிச்சை மாத்திரம் பெற்ற பத்தில் நான்கு. இரண்டும் பெற்ற பதினொன்றில் எட்டு. இதனைப் படித்ததும் அப்பெண்ணின் முகம் மலர்ந்தது. கத்தியை விட ஊசி நன்று என்றல்லவா தெரிகிறது! ஆனால் நாம் அவளைச் சற்று நிறுத்தினோம். எந்த நாய்க்கு எச்சிகிச்சை என்று அவர்கள் திருவுளச்சீட்டுப் போட்டுப் பிரிக்கவில்லை. சத்திரசிகிச்சை பெற்றவற்றின் விவரம் பழைய பதிவேடுகளிலிருந்து எடுக்கப்பட்டது. எண்ணிக்கையும் சிறிது. பிற இடங்களிற் பத்தில் ஒன்பது தேறும் சிகிச்சை இங்கே பத்தில் நான்காக இருப்பதே, ஒப்பிட்ட கூட்டங்கள் சமமானவை அல்ல என்று ஐயுறப் போதும்.

லேசர் ஒளியின் கதை இன்னும் சுவையானது. 2012இல் முப்பத்தாறு நாய்களைக் கொண்டு செய்த ஆய்வில், சத்திரசிகிச்சைக்குப் பின் ஒளி பெற்றவை இடைநிலையாக மூன்றரை நாளிலும் பெறாதவை பதினான்கு நாளிலும் நடந்தன. 2017இல் வேறொரு குழுவினர் முப்பத்திரண்டு நாய்களில் ஆராய்ந்தபோது வேறுபாடு ஒன்றும் காணப்படவில்லை. நம் கருத்தை ஒளிக்காமற் சொல்வதானால், இவை வலியைத் தணிக்கவும் தசையைப் பேணவும் உதவக்கூடியவை; பயின்றவர் கையில் தீங்கு குறைந்தவை; கிடைக்குமிடத்திற் சேர்த்துக்கொள்ளலாம். கூண்டுக்குப் பதிலாகவோ, உணர்விழந்த நாய்க்குச் சத்திரசிகிச்சைக்குப் பதிலாகவோ கொள்ளலாகாது. எது பின்னே வரவேண்டுமோ அதனை முன்னே வைப்பதாலேயே பல நாய்கள் கெடுகின்றன. கிழிந்த தட்டுள்ள முதுகை இழுத்து நிமிர்த்துவது எந்நாளும் ஆகாது.

நம் ஊரில் அந்த ஊசியும் இல்லை, ஒளியும் இல்லை. வைத்தியரிடம் கேட்டபோது அவர் சிரித்துக்கொண்டு, "கை இருக்குத்தானே" என்றார். முழு உடலையும் சுமந்து களைத்திருக்கும் தோளையும் முன்னங்கால்களையும் மெல்லத் தடவிவிடச் சொன்னார். எண்ணெய் வேண்டாம், நாய் நக்கிவிடும். முதுகைத் தொடக்கூடாது. நோ தணிந்த பிறகு, கிடந்தபடியே பின்னங்காலின் ஒவ்வொரு மூட்டையும் மெதுவாக மடித்து நீட்டும்படி காட்டினார். முறிவெண்ணெய் சொன்ன பெரியவரிடம் இதனைக் கூறியபோது, "அப்ப நான் சொன்னது பாதி சரிதானே" என்று திருப்தியடைந்தார். நாமும் மறுக்கவில்லை.

ஒன்பதாம் நாள் இரவு அமுக்கச் சென்றபோது பை வெறுமையாக இருந்தது. ஜிம்மி தானே கழித்திருந்தது. பன்னிரண்டாம் நாள், மகள் பள்ளியிலிருந்து வந்து பையை வைக்கும் ஓசைக்கு வால்நுனி அசைந்தது. அது தெறிவினையாக இருக்கலாம் என்று தந்தையார் சொன்னார். அவள் வெளியே போய் மறுபடியும் பையைத் தொப்பென்று வைத்தாள். மறுபடியும் அசைந்தது. நான்காம் வாரம் நின்றது; சற்று நேரத்தில் விழுந்தது. பிறகு அடைப்பு மெல்ல மெல்ல அகன்றது. வயிற்றின் கீழே ஒரு துவாயைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்து, வழுக்கும் சீமெந்துத் தரையிலன்றிச் சாக்கு விரித்த நிலத்தில், ஐந்து நிமிடம் பத்து நிமிடமாக நடத்தினார்கள். பத்தாம் வாரம் துவாய் தேவைப்படவில்லை.

இத்தனையும் செய்ததனாற்றான் ஜிம்மி நடந்ததா என்று அப்பெண் நம்மைக் கேட்டாள். ஒரு நாயைக் கொண்டு அதனைச் சொல்ல முடியாது என்றோம். தடவாமல் விட்டிருந்தாலும் நடந்திருக்கலாம். ஆனால் சிறுநீர்ப்பையை ஒன்பது நாள் கவனியாது விட்டிருந்தால் நடப்பதற்கு நாய் இருந்திராது. கூண்டை இரண்டாம் இரவே திறந்திருந்தால் எஞ்சிய நுங்கும் வெளியேறியிருக்கக் கூடும். அவ்வளவே நாம் துணிந்து சொல்லத்தக்கது.

நடவாதிருந்தால்? இக்கேள்வியை அயலவர் ஓரிரவு நம்மிடம் கேட்டார். பின்னுடலைத் தாங்கும் இருசில்லு வண்டி பூட்டி ஆண்டுக்கணக்கில் மகிழ்ந்து ஓடும் நாய்கள் உலகெங்கும் உள்ளன. வலியின்றி இருந்து, உணவை விரும்பி, வீட்டாரைக் கண்டு களிக்குமானால், கால் போனதை நாய் நம்மைப்போல் எண்ணி எண்ணித் துயருறுவதாகத் தெரியவில்லை. எனினும் நாள்தோறும் நான்கு வேளை அமுக்கவும் கழுவவும் வீட்டில் ஆள் வேண்டும். அத்தகைய ஆள் இல்லாத குடும்பம் வேறு முடிவுக்கு வருமானால் அவர்களைப் பழிக்க நமக்கு மனம் வராது. தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுச் சுவர்க்கம் புக மறுத்த தருமன், அந்நாய்க்கு அதிகாலை ஐந்து மணிக்குச் சிறுநீர் கழிப்பிக்க நேர்ந்ததாகப் பாரதத்தில் யாம் படித்ததில்லை.

ஜிம்மி இப்போது சற்றே தள்ளாடி நடக்கிறது. திரும்பும்போது பின்னுடல் ஒருபக்கம் சாய்ந்து பிறகு நேராகும். உடல் பெருக்காதிருக்க அதன் சோற்றை அளந்து வைக்கிறார்கள். கழுத்துப்பட்டி போய் மார்புக்கச்சை வந்துவிட்டது. வேறொரு தட்டும் வெடிக்கக்கூடும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். சத்திரசிகிச்சையின்றித் தேறிய நாய்களிற் கணிசமானவற்றுக்கு நோய் மீள்வதுண்டு. விறாந்தை வாங்கை அயலவர் நமக்குத் தந்துவிட்டார். அது இப்போது நம் முற்றத்தில் கிடக்கிறது. மாலைவேளைகளில் ஜிம்மி படலைவரை வந்து, வேலி இடுக்கால் அந்த வாங்கை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நிற்கிறது.